பதிவேட்டின் முதற்பெயர்: கிளாரிந்தா அம்மையாரும் தமிழ்த் திருச்சபையில் பெண்களின் தலைமையும்

1. முன்னுரை

சென்னையிலிருந்து மாமல்லபுரம் செல்லும் கடற்கரைச் சாலையில், உப்பங்கழி கடலோடு கலக்குமிடத்தில் முட்டுக்காடு அமைந்துள்ளது. 1996ஆம் ஆண்டு இவ்வூரில் திறக்கப்பட்ட தட்சிணசித்ரா என்னும் மரபுக் காட்சியகத்தில் தென்னாட்டின் பழைய வீடுகள் பல உள்ளன. அவை தாம் நின்ற ஊர்களில் கவனமாகப் பிரிக்கப்பட்டு, இங்குக் கொணரப்பட்டு, மீண்டும் எழுப்பப்பட்டவை. தமிழகத்து அக்கிரகார வீடுகளையும் அங்கே காணலாம். கேரளத்துப் புதுப்பள்ளியிலிருந்து வந்த, 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்த சிரியன் கிறிஸ்தவர் வீட்டையும் காணலாம். அவ்வீட்டின் மரவேலைப்பாடு நம் கண்ணைக் கவர்கின்றது. ஆயினும் அந்த அடுக்களையில் உழைத்தவர், பிள்ளைகளுக்கு மாலைச் செபத்தைக் கற்றுக்கொடுத்தவர், நோயுற்ற அயலாரை விசாரித்தவர் யாவர் என்னும் வினாவுக்கு மரமும் ஓடும் விடை கூறா. வீடு காக்கப்பட்டது, வீட்டைத் தாங்கியவரின் பெயர் காக்கப்படவில்லை.

நம் திருச்சபையின் வரலாறும் இத்தகைய ஒரு வீடே. ஆலயங்கள் எழுந்த ஆண்டுகளையும், அவற்றை அர்ச்சித்த ஐயர்மாரின் பெயர்களையும் நாம் நன்கு அறிவோம். அவ்வாலயங்களுக்கு முன்னரே சபையைக் கூட்டியவர்களை அவ்வளவு நன்றாக அறியோம். அவர்களுள் பெண்கள் பலர். இக்குறையைச் சுட்டும் பெண்ணிய இறையியல் மேலைநாட்டிலிருந்து இறக்குமதியான சரக்கு என்று நம் சபைகளில் கூறுவோர் உளர். அக்கூற்றை நம் வரலாற்றைக் கொண்டே சோதித்தறிவது இக்கட்டுரையின் நோக்கம். அதற்கு நாம் முதலில் எடுத்துக்கொள்ளுவது பாளையங்கோட்டைச் சபையின் 1780ஆம் ஆண்டுப் பதிவேடு.

2. நாற்பது பெயர்களும் முதற்பெயரும்

திருநெல்வேலிச் சீமையில் சீர்திருத்தத் திருச்சபையின் தொடக்கத்தைக் குறிக்கும் மிகப் பழைய செய்தி 1771ஆம் ஆண்டைச் சேர்ந்தது. திருச்சிராப்பள்ளியில் ஊழியஞ்செய்த சுவார்ட்ஸ் ஐயர், பாளையங்கோட்டையில் சவரிமுத்து என்னும் கிறிஸ்தவர் ஒருவர் பிறர்க்குத் திருமறையை வாசித்துக் காட்டி வந்ததைக் குறித்து வைத்தார். அதே குறிப்பில் ஆங்கிலச் சார்ஜன்ட் ஒருவரின் மனைவியும் தோன்றுகிறார். அவர் திருச்சிராப்பள்ளிச் சபையைச் சேர்ந்தவர் என்பதற்கு மேல் நமக்கு ஒன்றும் சொல்லப்படவில்லை. அவரை மனைவியாகவே அறிகிறோம், பெயரால் அறியவில்லை.

ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1780இல், பாளையங்கோட்டைச் சபையின் உறுப்பினர் நாற்பது பேரின் பெயர்கள் எழுதப்பட்டன. பல சாதிகளிலிருந்து வந்த அந்நாற்பது பேருள் முதலாவதாக நிற்கும் பெயர் கிளாரிந்தா. அப்பதிவேட்டையே திருநெல்வேலித் திருச்சபையின் பிறப்புச் சான்றாகக் கொண்டு, 1980இல் அதன் இருநூறாம் ஆண்டு கொண்டாடப்பட்டது. ஆகவே தென்னிந்தியாவின் பெருஞ்சபைகளுள் ஒன்றின் தொடக்க ஏட்டில் முதலாவதாக எழுதப்பட்டது ஒரு பெண்ணின் பெயர் என்பது ஊகமன்று. ஏடு கூறும் செய்தியாகும்.

கிளாரிந்தா தஞ்சைப் பகுதியைச் சேர்ந்த மராத்தியப் பிராமணப் பெண், கைம்பெண். கணவனின் சிதையினின்று ஆங்கிலேய அதிகாரி ஒருவர் அவரை மீட்டார் என்பது மரபு வழிச் செய்தி. அம்மரபையே அடிப்படையாகக் கொண்டு அ. மாதவையா 1915இல் ஆங்கிலத்தில் ‘கிளாரிந்தா’ என்னும் புதினத்தை எழுதினார். புதினத்தை வரலாறு என்று கொள்ளுதல் கூடாது. எனினும் லிட்டில்டன் என்னும் அவ்வதிகாரியோடு அவர் வாழ்ந்தார் என்பதும், கிறிஸ்தவ நம்பிக்கையின் முதற்பாடங்களை அவரிடமே கற்றார் என்பதும் வரலாற்றாசிரியர்கள் ஏற்கும் செய்திகள்.

3. மறுக்கப்பட்ட திருமுழுக்கு

தமக்குத் திருமுழுக்கு அளிக்குமாறு கிளாரிந்தா சுவார்ட்சை வேண்டியபோது அவர் மறுத்தார். அவ்வதிகாரியோடு அவருக்கு முறையான திருமணம் நிகழவில்லை என்பதே காரணம். லிட்டில்டன் இறந்த பின்னர், 1778ஆம் ஆண்டு பாளையங்கோட்டைக்கு வந்தபோது, சுவார்ட்ஸ் அவருக்குத் திருமுழுக்கு அளித்தார்.

சுவார்ட்சின் நேர்மையை நாம் ஐயுற வேண்டியதில்லை. தஞ்சை அரசரும் கும்பினியாரும் ஒருசேர நம்பிய மனிதர் அவர். தம் மனச்சான்றின்படியே நடந்தார். ஆயினும் வரலாற்றைப் பயிலும் ஊழியர் ஓரிடத்தில் நின்று சிந்திக்க வேண்டும். அவ்வுறவில் இருவர் இருந்தனர். ஒருவர் திருமுழுக்குப் பெற்ற கிறிஸ்தவர்; கோட்டையில் அதிகாரம் உடையவர்; மணஞ்செய்துகொள்ள உரிமை பெற்றவர். மற்றவர் தம் இனத்தாரால் தள்ளப்பட்டவர். திரும்பிச் செல்ல வீடற்றவர். அவ்வுறவை முறைப்படுத்தும் ஆற்றல் முன்னவரிடமே இருந்தது. ஒழுங்கின் சுமையோ பின்னவர்மேல் விழுந்தது. அவர் ஆண்டுக்கணக்கில் திருச்சபையின் வாசலில் காத்திருந்தார்.

இதனைச் சுவார்ட்ஸ் என்னும் தனிமனிதர்மேல் குற்றமாகச் சுமத்துவது எளிது, பயனற்றதுங்கூட. நம் காலத்துச் சபை ஒழுங்கிலும் இதே சாய்வு உண்டா என்று நம்மையே கேட்டுக்கொள்வதே பயனுடையது. மணமுறிவு, கைவிடப்பட்ட நிலை, மணமாகாத தாய்மை ஆகியவை சபைக் குழுவின்முன் வரும்போது, விசாரணைக்கு நிற்பவர் பெரும்பாலும் யார்? ஆலயத்தின் கடைசி இருக்கைக்கு ஒதுங்குபவர் யார்? ஒரு சிற்றூர்ச் சபையில் ஓராண்டு ஊழியஞ்செய்தவர்க்கும் இவ்வினாக்களின் விடை தெரியும்.

காத்திருந்த அப்பெண் கசப்போடு விலகிப் போய்விடவில்லை. திருமுழுக்குப் பெற்று இரண்டாண்டுகள் கழியுமுன் அவரைச் சுற்றி ஒரு சபை இருந்தது.

4. குருவானவர் இல்லாத பத்தாண்டுகள்

1780 முதல் 1790 வரை பாளையங்கோட்டையில் நிலையாகத் தங்கிய குருவானவர் எவருமில்லை. சுவார்ட்ஸ் தொலைவிலுள்ள தஞ்சையில் இருந்தார், அரிதாகவே வந்தார். இப்பத்தாண்டுகளில் சபை சிதறாமல் நின்றது மட்டுமன்று, வளரவுஞ் செய்தது. அது எவ்வாறு இயன்றது?

கிளாரிந்தா ஆற்றியவற்றுள் இரண்டு செயல்கள் வரலாற்றில் தெளிவாகப் பதிந்துள்ளன. ஒன்று, சபைக்கு உபதேசியார் வேண்டுமென்று கேட்பதற்காக அவர் தாமே தஞ்சைக்குச் சென்றார். அந்நாளைய பாதைகளையும், போர்கள் நிறைந்த அக்காலத்தையும் எண்ணிப்பார்க்கும்போது இஃது எளிய பயணமன்று என்பது விளங்கும். ஒரு சபையின் சார்பாக மேலிடத்தில் பேசுதல், அதன் தேவையை ஆய்ந்து முறையிடுதல், ஊழியரைப் பெற்று வருதல் ஆகியவை இன்று சபைச் செயலரும் குருசேகரத் தலைவரும் செய்யும் பணிகள். இரண்டாவது, அவர் கோட்டைக்குள் ஓர் ஆலயம் எழும்பச் செய்தார். 1785ஆம் ஆண்டு சுவார்ட்ஸ் வந்து அதனை அர்ச்சித்தார். ஆலயத்தை அர்ச்சித்தவரின் பெயரை வரலாறு முறையாக எழுதிற்று. ஊர் மக்களோ அதனைப் ‘பாப்பாத்தியம்மாள் கோயில்’ என்று வழங்கினர்.

இவ்வழக்கு நம் சிந்தனைக்குரியது. மக்களின் நினைவு, ஆலயத்தை எழுப்பிய பெண்ணை மறக்கவில்லை. அவ்வகையில் அது ஏடுகளைவிட நேர்மையானது. ஆனால் திருமுழுக்கில் பெற்ற பெயரை விட்டுவிட்டு, அவர் பிறந்த சாதியின் பெயராலேயே அவரை நினைவில் வைத்தது. அவர் விட்டுவந்த அக்கிரகாரம் பெயரளவில் ஆலயத்தின் வாசல்வரை அவரைப் பின்தொடர்ந்தது.

1790இல் உபதேசியார் சத்தியநாதன் தஞ்சையில் லுத்தரன் முறைப்படி அருட்பொழிவு பெற்றுப் பாளையங்கோட்டைக்கு அனுப்பப்பட்டார். 1733இல் தரங்கம்பாடியில் ஆரோன் அருட்பொழிவு பெற்ற நாள்தொட்டு, தமிழர் குருத்துவம் படிப்படியாக வளர்ந்து வந்ததற்கு இது மற்றொரு சான்று. அடுத்த ஆண்டில் யெனிக்கே ஐயரும் அங்கு வந்தார். இதிலிருந்து திருநெல்வேலித் திருச்சபையின் வரலாறு ஆண்களின் வரலாறாக எழுதப்படுகின்றது. சத்தியநாதன், தாவீது சுந்தரானந்தம், 1799இல் எழுந்த முதலூர் என அது தொடர்கிறது. இவர்கள் யாவரும் போற்றத்தக்கவர்கள். சத்தியநாதனின் அருட்பொழிவு நாள் அருளுரை ஆங்கிலமாக்கப்பட்டு லண்டனில் அச்சேறிற்று. அச்சபையின் முதற்பெயருக்குரியவரோ பிறர் எழுதிய குறிப்புகளின் வழியாகவே பெரும்பாலும் நமக்கு எட்டுகிறார்.

இந்த இடப்பெயர்ச்சியில் யாரும் தீங்கு எண்ணவில்லை. ஒழுங்கு வந்தது, ஒழுங்கோடு குருவானவர் வந்தார், குருவானவர் ஆணாகவே இருக்க இயலும் என்று அனைவரும் கொண்டிருந்தனர். ஆகவே அதுவரை தலைவராக நின்றவர், அதன்பின் ‘ஆதரவாளர்’ ஆனார். அவர் செயல் மாறவில்லை. அதற்கு இடப்பட்ட பெயர் மாறிற்று.

5. பெபேயாளும் ஒரு சொல்லின் விதியும்

இப்பெயர்மாற்றம் பாளையங்கோட்டையில் தொடங்கியதன்று. ரோமருக்கு எழுதிய நிருபத்தின் 16ஆம் அதிகாரத்தின் தொடக்கத்தில் பவுல் பெபேயாளை அறிமுகஞ் செய்கிறார். அவரைக் குறிக்க இரண்டு கிரேக்கச் சொற்களை ஆளுகிறார். ஒன்று ‘தியாக்கொனோஸ்’, மற்றொன்று ‘புரொஸ்தாத்திஸ்’.

முதற்சொல்லை நம் பழைய திருமறைப் பெயர்ப்பு ‘ஊழியக்காரி’ என்று தந்துள்ளது. 1 கொரிந்தியர் 3ஆம் அதிகாரத்தில் பவுலும் அப்பொல்லோவும் யாவர் என்னும் வினாவுக்கு விடையாக வரும் ‘ஊழியக்காரர்’ என்பதும் இதே கிரேக்கச் சொல்லின் பெயர்ப்பே. அவ்வகையில் தமிழ்ப் பெயர்ப்பு பெபேயாளுக்கு நேர்மை செய்துள்ளது. பவுலுக்கு அளித்த சொல்லையே பெண்பாலாக்கி அவருக்கும் அளித்துள்ளது. ஆனால் நம் செவி அவ்விரண்டையும் ஒன்றாகக் கேட்பதில்லை. ‘ஊழியக்காரர்’ எனும்போது பீடத்தருகே நிற்பவரை எண்ணுகிறோம். ‘ஊழியக்காரி’ எனும்போது வேலைசெய்பவளை எண்ணுகிறோம். குறை பெயர்ப்பில் இல்லை, கேட்போரிடத்தில் உள்ளது.

இரண்டாம் சொல் ‘ஆதரவாயிருந்தவள்’ என்று வந்துள்ளது. கிரேக்க வழக்கில் அச்சொல்லின் வேர் முன்னிற்றல், தலைமை தாங்குதல், பிறர்க்குப் புரவலராய் இருந்து காத்தல் என்னும் பொருள்களை உடையது. ஆதரவு என்பதும் அதனுள் அடங்குமேயன்றி அதுவே முழுப்பொருளாகாது. கெங்கிரேயாவில் முன்னின்றவர் தமிழில் ஆதரவளித்தவரானார்; பாளையங்கோட்டையில் முன்னின்றவரும் ஆதரவளித்தவரானார். இருவரும் ஒரே விதிக்கு உள்ளாயினர்.

பிலிப்பியில் லீதியாள் வீட்டில் சபை கூடிற்று. அவர் வணிகர், தம் வீட்டுக்குத் தாமே தலைவர். அப்பட்டணத்தில் முதலில் நம்பினவராக அப்போஸ்தலர் நடபடிகள் அவரையே காட்டுகிறது. பிரிஸ்கில்லாள் அப்பொல்லோவுக்குத் தேவனுடைய மார்க்கத்தை அதிகத் திட்டமாய் விளக்கியவருள் ஒருவர். உயிர்த்தெழுதலின் செய்தியை முதலில் எடுத்துச் சென்றவர் மகதலேனா மரியாள். பெண்கள் சபையில் பேசுவதைத் தடுக்கும் பகுதிகளை எடுத்துக்காட்டுவோர், அதே கொரிந்திய நிருபத்தின் 11ஆம் அதிகாரம் பெண்கள் சபையில் செபிப்பதையும் தீர்க்கதரிசனம் உரைப்பதையும் நடைமுறையாக ஏற்று, அதன் ஒழுங்கை மட்டுமே பேசுகின்றது என்பதையும் எடுத்துக்காட்டுதல் வேண்டும். இருவகைப் பகுதிகளையும் ஒருங்கே வைத்துப் பொருள்காண்பதே இறையியல் மாணவரின் கடமை.

6. வேதாகமப் பெண்களும் திறந்த வாசல்களும்

கிளாரிந்தாவுக்குச் செல்வம் இருந்தது. ஆங்கிலேயர் தொடர்பு இருந்தது. பிறப்பால் வந்த மதிப்பும் இருந்தது. ஆகவே அவர் ஒருவரைக் கொண்டே பெண்களின் தலைமையைப் பேசுவது நேர்மையன்று. அப்பதிவேட்டின் நாற்பது பேருள் எளிய குலத்துப் பெண்களும் இருந்தனர். அவர்தம் வழித்தோன்றல்களை 19ஆம் நூற்றாண்டில் மற்றொரு கோலத்தில் காண்கிறோம்.

1857இல் எலன் ரன்யார்ட் அம்மையார் லண்டன் நகரத்து ஏழைமக்களிடையே, அம்மக்களுள்ளிருந்தே பெண்களைத் தெரிந்து திருமறையோடு அனுப்பினார். ‘பைபிள் உமன்’ என்னும் பெயர் அங்கிருந்து பரவி நம் நாட்டை அடைந்தது. நம் சபைகள் ‘வேதாகமப் பெண்’ என்றும் ‘பைபிளம்மா’ என்றும் அதனை வழங்கின. இவர்களுள் பலர் கைம்பெண்கள். சிறு சம்பளம் பெற்று, நடந்தே ஊர் ஊராகச் சென்றனர். ஆண் உபதேசியார் நுழைய இயலாத வீடுகளின் பின்கட்டுகளில் அமர்ந்து எழுத்தறிவித்தனர், திருமறைக் கதை கூறினர், நோயாளரைத் தேற்றினர், மரணப் படுக்கையருகே செபித்தனர். திருமறையைப் போதித்தல், நம்பினோரைத் திருமுழுக்குக்கு ஆயத்தஞ்செய்தல், சபையை விசாரித்தல் என்னும் மூன்றையும் குருவானவரின் பணியாக நம் ஒழுங்குநூல்கள் எண்ணுகின்றன. மூன்றையும் இப்பெண்கள் செய்தனர். ஆண்டறிக்கையிலோ அவர்கள் பெரும்பாலும் எண்ணிக்கையாகவே தோன்றுகின்றனர்.

குருமனைகளிலும் இதே நிலையைக் காண்கிறோம். 1830இல் ஆங்கிலிக்க முறைப்படி அருட்பொழிவு பெற்ற ஜான் தேவசகாயம் ஐயரின் மகள் அன்னாள், டபிள்யூ. டி. சத்தியநாதன் ஐயரை மணந்து சென்னைக்கு வந்தார். பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிகள் நடத்தினார். வீடுகளுக்குள் அடைபட்டிருந்த பெண்களைச் சந்தித்துக் கல்வி புகட்டினார். 1878இல் அவர் மறையும்வரை அப்பணி நின்றதில்லை. அருட்பொழிவு பெற்றவர் கணவர்; ஊழியம் செய்தவர் இருவர்.

ஆலயத்துக்கு வெளியே வாசல்கள் மெல்லத் திறந்தன. தரங்கம்பாடியில் சீகன்பால்கு ஐயர் 1707இலேயே பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கியிருந்தார். செங்கற்பட்டிலும் காஞ்சிபுரத்திலும் பள்ளிகள் நடத்திய ஸ்காட்லாந்து மிஷன், சென்னை இராயபுரத்தில் மட்டில்டா மக்ஃபெயில் என்னும் பெண் மருத்துவரின் தலைமையில் மருத்துவப் பணியை வளர்த்தது. அதுவே ரெய்னி மருத்துவமனையாயிற்று. 1915இல் சென்னையில் மகளிர் கிறிஸ்தவக் கல்லூரி எழுந்தது. 1918இல் வேலூரில் ஐடா ஸ்கடர் பெண்களுக்கென மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார். ஒரு பெண் மருத்துவமனையை ஆளலாம், கல்லூரிக்கு முதல்வராகலாம், நூற்றுக்கணக்கான ஊழியரை நடத்தலாம். திருவிருந்து மேசையின்பின் நிற்றல் மட்டும் ஆகாது என்பது அந்நாளைய நிலை. தலைமைக்குரிய தகுதி பெண்களுக்கு இல்லை என்று இதனைக் கண்ட எவரும் கூற இயலாது. எனவே எழுந்த வினா தகுதியைப் பற்றியதன்று, இடத்தைப் பற்றியது.

7. தேவையா, அழைப்பா?

கடல் கடந்த ஒரு நிகழ்ச்சி இவ்வினாவைத் தெளிவாக்கும். இரண்டாம் உலகப் போரின்போது மக்காவில் ஆங்கிலிக்கருக்குக் குருவானவர் இல்லை. அங்கு ஊழியஞ்செய்த புளோரன்ஸ் லி டிம்-ஓய் என்னும் சீனப் பெண்ணுக்கு, ஆங்காங் பேராயர் ரொனால்ட் ஹால் 1944 ஜனவரியில் குருத்துவ அருட்பொழிவு அளித்தார். ஆங்கிலிக்க உலகில் குருத்துவம் பெற்ற முதற்பெண் அவரே. போர் முடிந்தது, எதிர்ப்பு எழுந்தது, 1946இல் அவர் தம் குருத்துவப் பணியுரிமையை விட்டுக்கொடுத்தார். தேவை இருந்த நாளில் அது திருப்பணியாயிற்று. தேவை நீங்கிய நாளில் அது முறைகேடாயிற்று. அவர் பணி முழுமையாக ஏற்கப்பட ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள் கடந்தன.

பாளையங்கோட்டையையும் மக்காவையும் அருகருகே வைத்து நோக்கினால் ஓர் ஒழுங்கு புலனாகின்றது. ஆண் இல்லாத இடத்தில் பெண்ணின் தலைமையைத் திருச்சபை நன்றியோடு ஏற்கின்றது. ஆண் வந்ததும் அதனை உதவி என்று பெயர் மாற்றுகின்றது. இவ்வாறாயின் பெண்ணின் ஊழியத்துக்கு அடிப்படை ஆவியானவரின் வரமா, ஆள் பற்றாக்குறையா? வரமே அடிப்படை என்றால், பற்றாக்குறை தீர்ந்ததும் அது எவ்வாறு தீர்ந்துபோகும்? பற்றாக்குறையே அடிப்படை என்றால், கிளாரிந்தாவின் பத்தாண்டுகளில் செயலாற்றியவர் ஆவியானவர் அல்லர் என்றன்றோ கூற வேண்டிவரும்? அவ்வாறு கூறத் துணிபவர் நம்மில் யாருமிலர்.

பெண்ணிய இறையியல் எழுப்பும் வினாக்களின் உள்ளீடு இதுவே. 1975ஐ ஐக்கிய நாடுகள் அவை உலகப் பெண்கள் ஆண்டாக அறிவித்தது. 1981இல் ஷெஃபீல்டு நகரில் உலகத் திருச்சபைகள் மன்றம், திருச்சபையில் பெண்களும் ஆண்களும் ஒரே சமூகமாய் வாழ்வதுபற்றி ஆராய்ந்தது. 1983இல் எலிசபெத் ஷூஸ்லர் ஃபியோரென்சா, இயேசுவின் தலையில் தைலம் ஊற்றிய பெண்ணின் நினைவைத் தலைப்பாக்கி எழுதிய நூல் வெளிவந்தது. சுவிசேஷம் பிரசங்கிக்கப்படும் இடமெல்லாம் நினைக்கப்படுவாள் என்று ஆண்டவர் வாக்களித்த பெண்ணின் பெயரையே மாற்கு நமக்குத் தரவில்லை என்பதை அந்நூல் உலகின்முன் வைத்தது. 1988 முதல் 1998 வரை பெண்களோடு திருச்சபைகளின் ஒருமைப்பாட்டுப் பத்தாண்டு கைக்கொள்ளப்பட்டது. இந்தியாவில் அருணா ஞானதாசன் போன்றோர் இச்சிந்தனையை நம் சமூகச் சூழலில் வளர்த்தனர். இவையெல்லாம் அண்மைக் காலத்தவை. ஆனால் இவை கேட்கும் வினாவுக்குரிய நிகழ்ச்சி பாளையங்கோட்டைக் கோட்டைக்குள் இருநூறாண்டுகட்குமுன் நடந்தேறியது. ஆகவே வினா வெளிநாட்டிலிருந்து வந்திருக்கலாம். விடைக்குரிய சான்று நம் பதிவேட்டிலேயே இருக்கின்றது.

நம் சூழலில் இவ்விறையியல் சாதியை மறந்து பேசுமாயின் அது குறையுடையதாகும். பிராமணக் கைம்பெண்ணின் பெயர் முதலில் எழுதப்பட்டதற்கும், அவருக்குப்பின் எழுதப்பட்ட எளிய பெண்களைப் பற்றி நாம் பேசாதிருப்பதற்கும் இடையே தொடர்பு உண்டு. செங்கற்பட்டுச் சீமையின் சேரிச் சபைகளில் ஆலயத்தைப் பெருக்கி, காணிக்கைக்குப் பிடியரிசி எடுத்துவைத்து, பிள்ளைகளை ஓய்வுநாள் பள்ளிக்கு அழைத்துவந்த தாய்மார்மேல் மூன்று சுமைகள் இருந்தன: சாதி, வறுமை, பெண்மை. அவர்களுக்கு இடமளியாத தலைமை, ஆண்களின் தலைமை சென்று உயர்குலப் பெண்களின் தலைமை வந்ததாகவே முடியும்.

8. திறந்த வாசலும் உள்ளே உள்ள இருக்கையும்

1947 செப்டம்பர் 27ஆம் நாள் உருவான தென்னிந்தியத் திருச்சபை, பெண்களின் பணிக்குச் சில வழிகளைத் தொடக்கத்திலேயே வகுத்தது. பெண்கள் ஐக்கிய சங்கம் ஊர்தோறும் வேரூன்றியது. 1952இல் சகோதரி கேரல் கிரஹாமின் முயற்சியால் சகோதரிகள் அமைப்பு தோன்றியது. 20ஆம் நூற்றாண்டின் இறுதிக் கால்பகுதியில் பெண்களுக்குக் குருத்துவ அருட்பொழிவு அளிக்கப்படலாயிற்று. 2013 செப்டம்பரில் நந்தியால் பேராயத்துக்கு புஷ்ப லலிதா அம்மையார் பேராயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். தென்னிந்தியத் திருச்சபையின் முதற்பெண் பேராயர் அவரே. கிளாரிந்தாவின் பெயர் எழுதப்பட்ட நாளிலிருந்து 233 ஆண்டுகள் கடந்தபின் இது நிகழ்ந்தது.

இதற்காக ஆண்டவரைத் துதிக்கிறோம். ஆயினும் வாசல் திறந்தது என்பதால் இருக்கை கிடைத்துவிட்டது என்று கொள்ளலாகாது. இறையியற் கல்வியை முடித்த பெண்ணைக் குருவானவராக ஏற்கத் தயங்கும் சபைகள் இன்றும் உள. பெரிய சபைகளில் துணைக்குருவாக இருக்கச் சொல்லுவோர், தனிப்பொறுப்பைக் கேட்கும்போது மௌனமாகின்றனர். அவர் கையால் திருவிருந்து பெறத் தயங்குவோர், அதே கை தம் தாயின் மரணப் படுக்கையருகே செபித்ததை மறந்துவிடுகின்றனர். ‘ஆதரவாயிருந்தவள்’ என்னும் பழைய நிலைக்கே அவரை நாம் மீண்டும் அனுப்புகிறோம்.

9. முடிவுரை

இக்கட்டுரையை வாசிக்கும் ஆயர்களும் மாணவர்களும் செய்யத்தக்க பணி ஒன்று உண்டு. அது பெரும்பொருட்செலவை வேண்டுவதன்று. நம் ஒவ்வொரு சபையிலும் பழைய பதிவேடுகள் உள்ளன. சில கரையான் அரித்தவை. சில பூட்டிய பேழைகளில் இருப்பவை. அவற்றைத் திறந்து, அச்சபையின் முதற்குடும்பங்களில் இருந்த பெண்களின் பெயர்களைப் படியெடுக்க வேண்டும். பெயரில்லாமல் ‘இன்னாரின் மனைவி’ என்றும் ‘இன்னாரின் தாய்’ என்றும் எழுதப்பட்டோரைப் பற்றி, முதியோர் உயிரோடிருக்கும்போதே கேட்டு எழுத வேண்டும். வேதாகமப் பெண்களாக உழைத்தோரின் வரலாற்றை அவர்தம் பேரப்பிள்ளைகளிடமிருந்து பெற வேண்டும். ஆலய ஆண்டுவிழாவில் குருவானவர்களின் வரிசையை வாசிப்பதோடு, இப்பெயர்களையும் வாசிக்க வேண்டும். நன்றி கூறுவதற்காக மட்டுமன்று. எவருடைய ஊழியத்தின்மேல் நாம் நிற்கிறோம் என்பதை அறிந்து, அதே ஊழியத்துக்கு இன்று அழைக்கப்படும் பெண்ணை நேர்மையோடு ஏற்பதற்காகவும் ஆகும்.

முட்டுக்காட்டிலுள்ள அவ்வீட்டை மீண்டும் நினைத்துக்கொள்வோம். ஒரு வீட்டைப் பெயர்த்து வேறிடத்தில் எழுப்புவோர், ஒவ்வொரு மரத்துண்டுக்கும் எண்ணிட்டு, அஃது இருந்த இடத்தைக் குறித்துவைப்பர். அவ்வாறு குறிக்காவிடில் எந்தத் தூண் எதனைத் தாங்கிற்று என்பது பின்னர் விளங்காது. நம் முன்னோரின் சபையைப் புதிய காலத்தில் மீண்டும் எழுப்பும் பொறுப்பு நம் கையில் உள்ளது. அதன் தூண்களுள் ஒன்றுக்கு 1780ஆம் ஆண்டிலேயே முதல் எண் இடப்பட்டது. அதனை அதற்குரிய இடத்தில் நிறுத்துவது நம் கடன்.